படத்தில் விழுந்த விரல்கள்

திருச்செங்கோட்டில் விஞ்ஞான வாத்தியாராக இருந்த காலத்தில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஒரு சொட்டுப் பால் தட்டில் விழுந்து தெறிக்கிற அந்தக் கணத்தைப் படம் பிடிக்க வேண்டும். என்னிடம் இருந்த பழைய பெட்டிக் காமிராவின் மூடி திறந்து மூடுவதற்குள் சொட்டு விழுந்து, தெறித்து, அடங்கியும் போய்விடும். மூடியை நம்பிப் பயனில்லை, வெளிச்சத்தைத்தான் சுருக்க வேண்டும் என்று பட்டது. அறையை இருட்டாக்கி, காமிராவைத் திறந்தே வைத்துவிட்டு, சொட்டு விழும்போது ஒரு மின்பொறி வெட்டினால் போதும். பஸ் ஷெட்டில் கழித்துப் போட்ட, இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலும் பாட்டரியும் கிடைத்தன. கண்ணாடி ஊறுகாய்ப் புட்டிகள் நாலுக்கு உள்ளும் புறமும் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளை ஒட்டி மின்சாரத்தைச் சேர்த்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொட்டு விட ஓர் ஆள், பொறி தட்ட ஓர் ஆள் வேண்டும். வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா பதினேழு வயதில் புருஷனை இழந்து வெள்ளைச் சீலை கட்டியவள். நான் வெளியே கிளம்பினால்கூட எதிரே வந்துவிடாமல் சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொள்வாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியபோது, யாரும் சொல்லாமலே மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தானிய அறையின் ஜன்னலுக்குச் சாக்கு அடித்து, உள்ளே புழுங்கிக்கொண்டு நிற்போம். அவள் பாலில் நனைத்த பஞ்சைத் தட்டுக்கு மேலே பிடித்துப் பிழிந்து, "உட்டேன்" என்பாள். நான் பொறியைத் தட்டுவேன். படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுக்குப் பஞ்சமான யுத்த காலம். அதனால் வாரக்கணக்கில் பிளேட் போடாமலே பழகினோம். பொறி வெட்டும்போது சொட்டு அந்தரத்தில் அப்படியே நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

"நிக்குது பாரு சாமி," என்று சிரிப்பாள். "இத்தன வருசமாப் பாலக் காச்சறேன், ஒருக்காக்கூட இதப் பாக்கலையே."

அந்தச் சிரிப்பை அந்த இருட்டறைக்கு வெளியே நான் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு பிளேட்டில் படம் விழுந்தது. பால் சின்னக் கிரீடம்போல விளிம்பு கட்டி நின்றது. ஆனால் மேல் மூலையில் அக்காவின் இரண்டு விரல்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்னக்கா நீங்க, கைய உள்ள நீட்டி எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்களே. உங்க கை படத்துல உழுகவே கூடாதுங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அந்த பிளேட்டை வெந்நீரும் சோடாவும் போட்டுத் தேய்த்து வெறும் கண்ணாடியாக்கினேன்.

அடுத்த ஞாயிறு, நீளமான ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டிக்கொண்டு வந்தாள். கதவோரமாகத் தள்ளி நின்று குச்சியை உதறிச் சொட்டு விட்டாள். என்ன யோசனை என்று மெச்சினேன். நாலாவது வாரம் படம் சுத்தமாக வந்தது. கை இல்லை, ஒன்றும் இல்லை. விரல் விழுந்த பிளேட்டைக் கழுவி எடுத்த அந்தக் கண்ணாடியையே படத்துக்கு மேலே போட்டு, சட்டமடித்துக் கூடத்தில் மாட்டினேன். சிரித்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். அக்கா சமையற்கட்டிலேயே இருந்தாள்.

அந்த மாதமே ஆத்தூர்ப் பக்கம் சின்னம்மா மகன் வீட்டில் சோறாக்க ஆளில்லை என்று கிளம்பிவிட்டாள்.

"நீயும் ஒரு கண்ணாலம் பண்ணிக்க சாமி. என்ற கை படாத எடத்துல எல்லாம் சுத்தமா வருது, பாத்தயல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, நான் படத்தத்தானுங்க சொன்னேன்."

"நானும் படத்தத்தான் சாமி சொல்றேன்," என்று பஸ் ஏறினாள்.

பத்து நாளில் திரும்பிவிடுவாள் என்று வீம்பாக இருந்தேன். போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு ஞாயிறு குச்சியில் கயிறு கட்டி, காலால் இழுத்து, தனியாகவே செய்து பார்த்தேன். சொட்டு நின்றது. நிக்குது என்று சொல்ல ஆளில்லாமல், சாக்கைப் பிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் புட்டிகளைத் தொடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஆள் வந்தது. காரியத்தன்று விளக்கேற்றி வைக்க ஒரு படம் தேடினார்கள். "காமிரா வெச்சிருக்கறவிய நீங்க, ஒரு படங்கூட எடுத்து வெக்கலீங்களா?" என்று சின்னம்மா மகன் கேட்டான்.

அந்தப் பால் படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது. தூசி துடைக்கும்போது கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்து, மேல் மூலையைப் பார்ப்பேன். கண்ணாடி அதேதான். நான் நன்றாகத்தான் தேய்த்திருக்கிறேன்.