கதவு ஸ்பீக்கருக்காகத் திகனயிலிருந்து வந்தவர்

போன வருடம் மழை தொடங்கிய நேரம், பன்விலவுக்கு மேலே என் மனைவியின் தேயிலைத் தோட்டத்து வீட்டில் நடந்தது இது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொழும்பில் ஹோட்டல், மன்னாரில் மீன் லொறி, பிறகு வெளிநாடு என்று திரிந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினேன். மனைவி நிறைமாதம். கண்டி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும். பாட்டுக் கேட்டால் கொஞ்சம் தாங்குவாள். ஆனால் கதவு ஸ்பீக்கர்கள் கிழிந்து, தகரம் உரசுகிற சத்தம்தான் வந்தது. வலி வருமுன் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் கடையில் ஒரு சோடி கிடைத்தது. பூட்டிப் பார்த்தால், கண்ணாடியை இறக்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடித்தது. உடைந்த பிளாஸ்டிக் கதிரையின் சாய்மானத்தில் வளையங்கள் வெட்டி, அடுக்கி வைத்து ஸ்பீக்கரை முன்னால் தள்ளினேன். கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் அதன் வலையிலிருந்து கண்ணாடித் துகள்கள் உதிர்ந்தன. மாமியார் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள இது?"

"அடிபட்ட வண்டியில கழட்டுனது அத்தை." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஆளு செத்துச்சா, பொழச்சுச்சா?"

"தெரியாதே."

"தெரியாமயா மாட்டுனீங்க? மாசமா இருக்கிறவள சாவு வீட்டு வாசலுக்கே விட மாட்டோம். செத்தவன் சாமானுக்குப் பக்கத்துல உக்கார வைப்பீங்களோ?"

கழற்றிவிடுகிறேன் என்றேன். அதற்குள் பயம் கார் முழுவதும் ஏறிவிட்டது. "நான் பஸ்ஸுலயே போறேங்க" என்றாள் மனைவி. அந்த மழையில், வலியோடு, பஸ்ஸில். அடிபட்ட வண்டியின் ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

கடைக்காரர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், சிரித்தார். "ஸ்பீக்கர் பாடுதா?"

"பாடுது நானா."

"பொறகென்ன, ஆளும் பாடோணுமா?"

வண்டி திகனயிலிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. திகனயில் கராஜ் கராஜாக விசாரித்தேன். கடைசியில் ஒருவர் வீட்டைக் காட்டினார். செத்திருந்தால் அந்த வாசலில் நின்று என்ன சொல்வது என்று புரியாமலேதான் கதவைத் தட்டினேன். கையில் பெரிய கட்டோடு ஒருவர் திறந்தார்.

"அந்த அடிபட்ட கார்ல போனவரு..." என்று இழுத்தேன்.

"நாந்தான்."

கதையைச் சொன்னதும் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் மௌத்தாகல்ல தம்பி, உசிரோடதான் இருக்கன். மாமிக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா நம்ப மாட்டாங்க நானா."

செருப்பை மாட்டினார். "அப்ப வாங்க, காட்டிட்டு வருவம்."

ஏறும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் நல்ல கையால் கைப்பிடியை இறுக்கினார், நெற்றியில் வியர்வை. விபத்துக்குப் பிறகு அவர் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை என்பது கேட்ட பிறகே தெரிந்தது. திரும்பிவிடலாமா என்றேன்.

"நானே ஏறப் பயந்தா, ஒங்கட பொண்டாட்டி எப்படி ஏறுவா? ஓட்டுங்க தம்பி."

மாமியார் அவரை வாசலில் நிறுத்தித் தலை முதல் கால் வரை பார்த்தார். "கை மட்டுந்தானா?"

"கை மட்டுந்தான் அக்கா."

"கூட வந்தவுங்க?"

"யாரும் வரல்ல. நான் தனியத்தான்."

தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்து, "ஒன்னுமில்ல புள்ள, ஏறிக்க" என்றார் மாமியார். சில நாளில் வலி வந்தபோது, மழையோடு மழையாக அந்தக் காரில்தான் கண்டிக்கு இறங்கினோம். மகள் பிறந்தாள்.

இப்போதும் யாராவது ஒரு பயத்தோடு என்னிடம் வந்தால், வாயால் தைரியம் சொல்லி அனுப்ப மனம் வருவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போய்விடுகிறேன்.