வலக்கைப் பக்கத்து வேலி

பாவாயி பனமரத்துப்பட்டியில் பிறந்தவள். அங்கே இரண்டு தோட்டத்துக்கு நடுவில் வேலி இருந்தால் பாதியை இவன் கட்டுவான், பாதியை அவன் கட்டுவான். சண்டை வந்தால் சரியாக நடுவில் வரும். எருமப்பட்டிக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் ஊருக்கு ஊர் வேலி நியாயம் வேறு என்று அவளுக்குத் தெரிந்தது. வந்த புதிதில் புருசன் வேலுசாமி அவளைத் தோட்டத்துப் படலுக்கு முன்னால் நிறுத்தினான்.

"படலைத் தொறந்து உள்ளார பாத்து நில்லு. உன்ற சோத்துக்கைப் பக்கம் இருக்கற வேலி நம்முது. அதுல ஆடு நொழையறாப்புல தொண்டு உளுந்தா நாமதான் அடைக்கோணும். பீச்சாங்கைப் பக்கம் இருக்கறது பக்கத்துத் தோட்டத்துக்காரனுது."

"பீச்சாங்கையில சாப்பிடறவன் எவனாச்சும் பொறந்தா?"

"அவனுக்கு நெலமே குடுக்க மாட்டோம்" என்றான் வேலுசாமி.

அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் நாடா போலக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். கிழக்குக் கடைசியில் இரண்டு பக்கமும் கிளுவைச் செடி வேலி அடைத்த இட்டேரி. வண்டியும் மாடும் அந்தச் சந்து வழியாகத்தான் வரும், போகும். ஆகவே எல்லார் படலும் கிழக்கே. படலில் நின்று மேற்கே பார்த்தால் வலக்கைப் பக்கம் வடக்கு. ஆளாளுக்குத் தன் தோட்டத்து வடக்கு வேலியைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருசங்களில் வேலுசாமி கல் ஏற்ற வண்டி ஓட்டிப் போனான். காய்ச்சலோடு திரும்பி வந்தவன் பதினைந்து நாளில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் தம்பி பாகம் ஏற்கெனவே பிரிந்திருந்தபடியால் கிணறும் ஒன்றரை ஏக்கர் தோட்டமும் பாவாயி கையில் நின்றன. வேலுசாமியின் தம்பி காளியண்ணன் கருமாதி முடிந்த மறுவாரமே வந்து உட்கார்ந்தான்.

"நீங்க எதுக்கு நங்கை வெயில்ல காயறீங்க. தோட்டத்தை நான் ஓட்டிக்கறேன். உங்களுக்கு வேணுங்கற சோளமும் ராகியும் வருசா வருசம் ஊட்டுக்கே வந்துரும்."

"எத்தன வருசத்துக்கு வரும் தம்பி?"

காளியண்ணன் எழுந்து போனான். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் தானே கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டினாள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாட்டோடு மாடாக நடந்து நீர் பாய்ச்சினாள். ஒரு வருசம் நன்றாகத்தான் போனது. மறுவருசம் தோட்டங்களின் மேற்குக் கடைசியை ஒட்டிப் போன வண்டித்தடத்துக்குக் கப்பி போட்டு ரோடாக்கினார்கள். இட்டேரியில் மழைக்காலத்தில் வண்டி அச்சு வரை புதையும். இந்தப் பக்கமோ சேறில்லை, மேடு பள்ளமில்லை. பாவாயி முதல் ஆளாகக் கிழக்குப் படலை அவிழ்த்தாள், படல் இருந்த இடத்தில் கிளுவைப் போத்து நட்டு அடைத்தாள், மேற்கே ரோட்டோரம் புதிதாகக் கடவு திறந்து அங்கே படலைக் கட்டினாள். எரு வண்டி நேராக வந்து நின்றது.

அடுத்த வாரம் தெற்குத் தோட்டத்துத் தீர்த்தகிரி வந்தான்.

"ஏனுங்க பாவாயக்கா, படலை மாத்திப்போட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமா."

"அப்ப நின்னு பாருங்க. உங்க சோத்துக்கை இப்ப என்ற பக்கமுல்ல வருது."

பாவாயி புதுப் படலில் நின்று உள்ளே பார்த்தாள். மேற்கிலிருந்து கிழக்கே பார்த்தால் வலக்கை தெற்கு. அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவன் படல் கிழக்கே இருக்கும் வரை அந்த வேலி அவனுக்கும் வலக்கைதான் என்பதை அவள் யோசிக்கவில்லை. வழக்கத்தை மீறிப் பேச அவளுக்கு வாய் வராது. ஆடி பிறக்கும் முன் தெற்கு வேலி முழுவதையும் தன் கையால் அடைத்தாள். வெள்வேல முள்ளை வெட்டி, கவைக்கோலால் தூக்கி வைத்து, மிதித்து அழுத்தி, கை முழுக்கக் கீறலோடு நின்றாள். தீர்த்தகிரி வரப்பில் குந்திக்கொண்டு பார்த்தான்.

வடக்கு வேலியை அப்போது அவள் தொடவில்லை. தனக்கு வலக்கை திரும்பியதால் வடக்குத் தோட்டத்துச் சென்னியப்பனுக்கும் திரும்பியிருக்கும் என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. சென்னியப்பனின் படல் இன்னும் கிழக்கேதான் தொங்கியது. அவன் வலக்கை அவனுக்கு அந்தப்புறம் இருந்த வடக்கு வேலியைத்தான் காட்டியது. ஆக, பாவாயிக்கும் அவனுக்கும் நடுவில் இருநூறு எட்டு நீளத்துக்கு யாருடைய கையிலும் சேராத வேலி ஒன்று உளுத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் சென்னியப்பனின் வெள்ளாடுகள் அந்த வழியாக நுழைந்து இரண்டு பாத்தி வெங்காயத்தைத் தாளோடு தின்றுவிட்டுப் போயின. பாவாயி அவன் தோட்டத்துக்கே போனாள். சென்னியப்பன் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வேலி நெடுக தொண்டு. அடைச்சுப்போடுங்க."

"என்ற வேலின்னு ஆரு சொன்னது அம்மிணி? வா, என்ற படல்ல வந்து நின்னு பாரு. உங்க பக்கம் எனக்குப் பீச்சாங்கை."

"எனக்கும் பீச்சாங்கைதானுங்க."

"அப்ப ஆருக்கும் வேலி இல்ல. படலை மாத்தறதுக்கு முன்னால யோசிச்சிருக்கோணும்."

"ஆடு உங்குளுதுங்க."

"ஆட்டுக்குச் சோத்துக்கை பீச்சாங்கை தெரியுமா?" என்றுவிட்டுச் சென்னியப்பன் எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரிய தொண்டுக்கு மட்டும் அவள் ஒரு தடவை தானே முள் வைத்தாள். அதற்கு மேல் வைக்க அவளுக்குப் பயம். தொடர்ந்து இரண்டு தடவை ஒருவன் ஒரு வேலிக்கு முள் வைத்துவிட்டால் அது அவன் வேலி என்பது அந்த ஊர்ப் பேச்சு. இரண்டு பக்க வேலியும் தன் தலையில் விழுந்தால் பண்ணையம் பார்க்க நேரமேது? அவள் தோட்டத்தில் முள் வெட்ட மரமும் மிச்சமில்லை.

வெங்காயம் போன சேதி காளியண்ணனுக்கு அன்றைக்கே எட்டியது. அவன் ஊர்க்கவுண்டரிடம் போனான். ஆம்பிளை இல்லாத பண்ணையம், வேலி காக்கக்கூடத் தெம்பில்லை, அண்ணன் நிலம் ஆட்டு வாயில் போகுது என்று சொல்லி முறையிட்டான். ஊர்க்கவுண்டர் வயசாளி, அதிகம் பேச மாட்டார். பாவாயியையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"மொளகா நட்டிருக்கறயாமா? பழம் பறிச்சு ஊடு சேர்த்தயின்னா தோட்டத்தை நீயே ஓட்டு, ஒருத்தனும் உன்னைக் கேக்கப்படாது. நடுவுல மேஞ்சு அழிஞ்சுதுன்னா காளியண்ணன் ஓட்டட்டும். சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றாள் பாவாயி. வேறு என்ன சொல்ல முடியும்.

மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வந்தது. பூ எடுத்தது. பாவாயிக்குப் பகலில் உட்கார நேரமில்லை. கவலை ஓட்டும்போதே ஒரு கண் வடக்கு வேலியில் இருக்கும். ஆட்டுச் சத்தம் கேட்டால் வடத்தை விட்டுவிட்டு ஓடுவாள். மாடுகள் வாரிச் சரிவில் பாதியில் நின்று அவளைப் பார்க்கும். இப்படி ஓடி ஓடிக் காப்பாற்றினால் பழம் பறிக்கும் வரை தாங்காது, ஒரு நாள் சந்தைக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்தது.

தை மாதம் ஒரு காலையில் ரோட்டோரமாக வடக்கே நடந்து போனாள். சென்னியப்பன் தோட்டத்து மேற்கு வேலி அருகே வந்ததும் நின்றாள். மற்ற இடத்தில் கிளுவை நெருக்கமாக நின்றது. ஓர் இடத்தில் மட்டும் கிளுவை இல்லை. வெட்டிய முள்ளைச் சும்மா சாத்தி வைத்திருந்தது. கட்டு ஏதுமில்லை. அடிமுள் நசுங்கித் தூளாகக் கிடந்தது. கீழே மண்ணில் இரண்டு சக்கரத் தடம் புல் முளைக்காமல் ஆழமாக உள்ளே போனது. தடத்தில் கடலைக்கொடி சிதறியிருந்தது, எருவும் சிந்தியிருந்தது.

அவள் சுற்றிக்கொண்டு கிழக்கே இட்டேரிக்குப் போனாள். சென்னியப்பனின் படல் அங்கே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் மேல் கோவைக்கொடி ஏறி, பக்கத்துக் கிளுவையோடு சேர்த்துப் பின்னியிருந்தது. கொடியில் பழம்கூடப் பழுத்திருந்தது. நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனாள்.

"ஒரு எட்டு வந்து பாக்கோணுமுங்க. சென்னியப்பண்ணனையும் வரச் சொல்லுங்க. என்ற கொழுந்தனாரும் வரட்டும்."

மறுநாள் காலை இட்டேரியில் ஊர்க்கவுண்டர், இன்னும் இரண்டு பெரியவர்கள், காளியண்ணன், சென்னியப்பன், தீர்த்தகிரி எல்லாரும் கூடினார்கள். தீர்த்தகிரியை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தான்.

"என்ன நங்கை, மொளகா மேஞ்சிருச்சா?" என்றான் காளியண்ணன்.

"இன்னும் இல்ல. பொறுங்க தம்பி." பாவாயி சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்க கடவு இதுதானுங்களே?"

"இதேதான். எங்கப்பன் காலத்துலிருந்து."

"கொஞ்சம் தொறங்க. உள்ளார போய்ப் பேசலாம்."

சென்னியப்பன் படலைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். கட்டியிருந்த கயிறு உளுத்துப்போய்க் கையோடு வந்தது. படல் அசையவில்லை, கோவைப்பழம் நாலு கீழே விழுந்தது. அவன் காலை முட்டுக் கொடுத்து இழுத்தபோது ஒரு பெரியவர் சிரித்துவிட்டார்.

"விடப்பா, இடுப்புப் புடிச்சுக்கப் போகுது. ராத்திரி உள்ளார எறங்கறதுக்கு ஏணி போட்டுப் போறயா?"

"கொடி இப்பத்தாங்க ஏறுச்சு" என்றான் சென்னியப்பன்.

"கொடி பூத்துக் காச்சுப் பழுத்துமிருச்சு" என்றார் ஊர்க்கவுண்டர். "அப்ப உன்ற எருமை எதுல போகுது, வண்டி எதுல போகுது?"

பாவாயி முன்னால் நடந்தாள். எல்லாரும் பின்னால் போனார்கள். சுற்றிக்கொண்டு மேற்கே ரோட்டில் ஏறி, அவள் படலுக்குள் பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாயைத் தாண்டி, சாத்தி வைத்த முள் முன்னால் நிறுத்தினாள். ஊர்க்கவுண்டர் குனிந்து தடத்தைப் பார்த்தார். காலால் முள்ளை ஒதுக்கினார். கட்டில்லாததால் அப்படியே நகர்ந்து ஒதுங்கியது.

"வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுக்கா வருவனுங்க" என்றான் சென்னியப்பன்.

"அச்சுப் பள்ளம் அப்படிச் சொல்லலையே."

"இது சந்துங்க. படல் கட்டலீங்களே. படல் அக்கட்டதானே இருக்குது."

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்தார். "படலை எங்க தொங்க உட்டிருக்கறங்கறது பேச்சில்ல. வண்டி நொழையற எடந்தான் கடவு. இதுல நின்னு உள்ளார பாரு. உன்ற சோத்துக்கை எங்க?"

சென்னியப்பன் பார்க்கவில்லை. பார்க்காமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. ரோட்டுப் பக்கம் படல் மாட்டினால் தெற்கு வேலி தன் தலையில் விழும் என்று தெரிந்துதானே ஒரு வருசமாக முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்ற வடக்கு வேலியை ஆரு அடைக்கறது?" என்று கேட்டான் கடைசியில்.

"அதை அக்கட்டத் தோட்டத்துக்காரன் கிட்டக் கேளு. அவன் வண்டி எதுல போகுதுன்னு நீயும் போய்ப் பாரு."

தீர்த்தகிரி மெதுவாக நழுவப் பார்த்தான். "நீ எங்க போறே? உனக்கும் எரு வண்டி இருக்குதல்ல, அதுவும் எதுல போகுதுன்னு ஒரு நாளைக்கு வந்து பாக்கறோம்" என்றார் சிரித்த பெரியவர்.

சென்னியப்பன் மூன்று நாளில் வேலியை அடைத்தான். முதல் நாள் வைத்தது நெருக்கமில்லை. ஒரு குட்டி நுழையும் போலிருந்தது. பாவாயி இந்தப் பக்கத்திலிருந்து கவைக்கோலை விட்டு ஆட்டிக் காட்டினாள். அவன் வைதுகொண்டே இன்னும் இரண்டு கட்டு முள் கொண்டுவந்தான். கிளுவைப் போத்தும் நட்டான். மிளகாய் பழுக்கும் வரை ஓர் ஆடும் உள்ளே வரவில்லை. அடுத்த வருசத்துக்குள் அந்த வரிசையில் இருந்த படல்கள் ஒவ்வொன்றாக மேற்கே வந்து சேர்ந்துவிட்டன. இட்டேரியில் புல் முளைத்தது.

அதற்கு முன்னால், அந்த மாசிக் கடைசியிலேயே பாவாயி பழம் பறித்துப் பாறையில் காயப் போட்டாள். நாலு நாள் கழித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஊர்க்கவுண்டர் அந்த வழியாக வந்தார். கூடவே காளியண்ணனும் வந்தான். கவுண்டர் ஒரு வற்றலை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

"ஊடு சேர்ந்திருச்சு காளியண்ணா. நீ உன்ற பண்ணையத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காளியண்ணன் மட்டும் நின்றான். நெடி ஏறி ஒரு தும்மல் போட்டான். மூட்டைகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்ததுதான் வந்தீங்க தம்பி" என்றாள் பாவாயி, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு. "வண்டியில ஏத்தறதுக்கு ஒரு கை குடுங்க."

அவன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான்.