எல்லாரும் போட்ட கோட்டு

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சாமிப் படங்களுக்குப் பக்கத்து ஆணியில் என் வீட்டுக்காரரின் கறுப்புக் கோட்டு தொங்குகிறது. கல்யாணத்துக்காகப் பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் தையல்கார நானா தைத்துக் கொடுத்தது. அவர் அதைப் போட்டது அந்த ஒரு நாள்தான். கோட்டின் முதுகில், துணி காயப்போடும் சிவப்புக் கிளிப்பு ஒன்று இன்னும் கவ்விக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் வீட்டுக்காரரை விட என் கொழுந்தனின் நினைப்புதான் முந்திக்கொண்டு வரும்.

கொழுந்தன் எங்களோடு வளர்ந்தவர். வீட்டுக்காரர் தம்பியைக் கம்பஸ் வரை படிக்க வைத்தார். பட்டம் வாங்குவதைப் பார்க்கத்தான் முருகன் அவருக்கு ஆயுசு கொடுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் அவர் போன பிறகு தெமோதரைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மிஞ்சியது நானும் கொழுந்தனும்தான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அவரைப் போலவே பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர். எங்கே ஆள் தேடுகிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. இப்படிப் பிள்ளைகள் இருப்பது கொழும்புக் கம்பெனிகளுக்குத் தெரியாது. அதற்காக அவர் ஒரு வெப் ஆப் செய்ய ஆரம்பித்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில்தான் நெட்டுக்குச் சிக்னல் எடுக்கும். நான் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வரும்போதும் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அது என்னவென்று நான் கேட்டபோது சிரித்தார். "தரகர் வேலைதான் அண்ணி. பொண்ணு வீட்டையும் மாப்பிள்ள வீட்டையும் சேத்து வைக்கிறேன். கமிஷன்தான் இல்ல."

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம். என்ன படித்தார்கள், என்ன செய்யத் தெரியும் என்பது முதலில் வரும். லயம், தோட்டத்து டிவிஷன் என்கிற முகவரி கடைசியில்தான். மேலே ஒரு போட்டோ. கோட்டுப் போட்ட போட்டோ என்றால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் கோட்டு இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கொழுந்தன் கேட்கத் தயங்கினார். நானே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருடைய வாசம் அதில் கொஞ்சம் இருந்தது. போய்விடும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாறையை ஒட்டிய கோயில் வெள்ளைச் சுவர் ஸ்டூடியோவாகிவிட்டது. வீட்டுக்காரர் அகலமான ஆள். வந்த பிள்ளைகளோ ஈர்க்குச்சிகள். கோட்டை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் கிளிப்புப் போடுவது என் வேலை. முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் துணிக்கொடி. பெண் பிள்ளைகளும் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். சாமி கும்பிட வைத்து விபூதி பூசித்தான் சுவருக்கு முன்னால் நிறுத்துவேன். "அண்ணி, பட்டையச் சின்னதாப் போடுங்க. பூசாரி வேலைக்கு ஆள் வந்திருக்குன்னு நெனைச்சுருவாங்க" என்று கொழுந்தன் கத்துவார். அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் ரொட்டி சுட்டும் சம்பல் அரைத்தும் முடியாது.

கொழும்பிலிருந்து முதல் அழைப்பு வந்ததும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் அம்மா. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கொழுந்தன் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்த அம்மாவின் குரலில் கோபம் இருந்தது. "தம்பி, உங்க சைட்ல எல்லாருக்கும் ஒரே உடம்பா இருக்கே. தலைய மட்டும் வெட்டி ஒட்டியிருக்கீங்களா? இது என்ன ஏமாத்து வேலை?"

 ஏமாற்று என்று ஒரு கம்பெனி சொல்லிவிட்டால் அடுத்த கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காது. மடுல்சீமையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஒரு பெண் பிள்ளை, கோட்டைப் போட்டபடி என் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றது. நான் முருகா என்று போனை வாங்கிவிட்டேன்.

"வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்லங்கம்மா. கோட்டு ஒன்னுதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரோடது. அவரு இல்ல, கோட்டு இருக்கு. புள்ளைங்கதான் மாறி மாறிப் போட்டுக்குதுங்க."

 அந்த அம்மா வீடியோவில் காட்டச் சொன்னார். அந்தப் பிள்ளை மெதுவாகத் திரும்பி, முதுகில் வரிசையாக நின்ற கிளிப்புகளைக் காட்டியது. அந்த அம்மா சிரித்த சிரிப்பு கோயில் சுவரில் பட்டுத் திரும்பியது. "சரிங்க, புள்ளைங்கள இன்டர்வியூவுக்கு அனுப்புங்க. கோட்டு வேணாம்னு சொல்லுங்க" என்றார். 

அதிலிருந்து வேலைகள் வர ஆரம்பித்தன. வேலை கிடைத்தவரின் பக்கத்தைக் கொழுந்தன் எடுத்துவிடுவார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி நான் விளக்கு வைத்தேன். ஒரு பக்கம் மறையும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதோடு அந்தக் கோட்டும் ஒரு தடவை மறைவது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுடைய பக்கம் எங்கே என்று கொழுந்தனைக் கேட்டேன். "எல்லாரும் போகட்டும் அண்ணி" என்றார். உண்மையில் என்னை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. நான்தான் சாமி மேல் ஆணை வைத்துச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். அதற்கு முன் கடைசியாகக் கோட்டைப் போட்ட பிள்ளையின் கிளிப்புகளில் ஒன்றை எடுக்க மறந்திருந்தேன். அது இருந்தும் இல்லாதது போலத்தான். கோட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அதே தோள்கள். விபூதி பூசிவிட்டு நான் சாமி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவருக்கும் கொழும்பில் வேலை கிடைத்தது. ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "கோட்டு ஆணியிலயே இருக்கட்டும் அண்ணி, யாராவது கேட்டு வருவாங்க" என்றார். யாரும் வரவில்லை. இப்போதைய பிள்ளைகள் சட்டையோடு தங்கள் வீட்டு வாசலிலேயே படம் எடுத்து அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கொழுந்தன் பேசுவார். சாப்பிட்டீங்களா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்பேன். பிறகு பாறைக்குப் போய் போனில் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்ப்பேன். எல்லாம் புது முகங்கள். கும்பிட்டுக் கேட்டதில் ஒன்றைக்கூட முருகன் மறுக்கவில்லை.

இன்று காற்று பலமாக அடித்தது. கிளிப்பு ஒன்று குறைந்ததால், கொடியில் போட்ட சேலை தேயிலைக்குள் போய் விழுந்துவிட்டது. ஆணியில் தொங்கும் கோட்டையும் அதன் முதுகில் இருக்கும் சிவப்புக் கிளிப்பையும் பார்த்தேன். சேலையை எடுத்து உதறி, மறுபடியும் அலசிப் போட்டுவிட்டு, காயும் வரை ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.