கதவில் ஒரு கை அகலம்

சனிக்கிழமை காலையில் கொட்டகையைத் துடைப்பது அவர் மனைவியின் வேலை. தரை, ஜன்னல் கம்பி, அலமாரி, சுவரில் சாய்த்த ஏணி என்று எல்லாவற்றுக்கும் ஈரத்துணி உண்டு. நடுவில் நிற்கும் காருக்கு மட்டும் கிடையாது. தூங்குகிறவரைச் சுற்றிப் பெருக்குவதுபோல் அதைச் சுற்றித் துடைப்பத்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோவாள். கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

சட்டம் போட்டவர் முன்னறையில் யாருக்கோ பல் செய்துகொண்டிருந்தார். பல்செட் செய்வதுதான் தொழில். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டுதான். வெள்ளை வெளேரென்று பல் வைத்தால் பொய்ப்பல் என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். காபி குடிக்கிற வாய்க்குக் கொஞ்சம் பழுப்பு, புகைக்கிற வாய்க்கு ஓரத்தில் ஒரு கறை, முன்பல்லில் மயிரிழைபோல ஒரு கீறல். இதையெல்லாம் அவர் சாயத்தாலும் கத்தி முனையாலும் கொண்டுவருவார். சொந்த மனைவிக்கே தெரியாமல் பல்செட் மாட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள் ஊரில் இருந்தார்கள்.

"பகல் பூரா பொய்யை நிஜம் மாதிரி பண்றேன். வீட்டுல ஒண்ணாவது நிஜமாவே நிஜமா இருக்கட்டுமே" என்பார், காரைப் பற்றி யாராவது கேட்டால்.

பேக்கரிக்காரர் ஒருவருக்குப் பல் அளவெடுக்கப் போன இடத்தில், அடுப்புச் சுவரை ஒட்டி, மாவு மூட்டைகளுக்கு நடுவே அது நின்றிருந்தது. மர ஆரக்கால் சக்கரம், பச்சை படிந்த பித்தளை விளக்கு, குதிரைமுடி பிதுங்கும் தோல் இருக்கை. முன்னால் கைப்பிடியைச் சுற்றினால், தனக்குத் தோன்றுகிற அன்றைக்கு மட்டும் ஓடும். ஆனால் அவரை விழவைத்தது நிறம்தான். கடுந்தேநீர் நிறத்தில் ஒரு பழுப்பு, ஓரங்களில் தேன்போல் மெலிந்து. ஓட்டுநர் பக்கக் கதவின் பிடிக்குக் கீழே சன்னமாகச் சில கீறல்கள். எவரோ ஒருவர் தினமும் கதவைத் திறந்தபோது மோதிரம் உரசிய தடம் என்று முடிவு செய்திருந்தார். மாலையில் வேலை முடிந்ததும் ஒரு முக்காலியைப் போட்டு அந்தக் கீறல்களுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். பேப்பர் படிப்பதுபோல.

மைத்துனன் பெயின்ட் பட்டறை வைத்திருந்தான். வரும்போதெல்லாம் விடமாட்டான். "அத்தான், ஒரு வார்த்தை சொல்லுங்க, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிக் காட்டறேன். இதுக்கு வயசாகலை, சொறி பிடிச்சிருக்கு."

"அவன் கையை என் வண்டி மேல வைக்கச் சொல்லாதே" என்பார் இவர், மனைவியைப் பார்த்து.

நாளைக்குப் பழைய கார் சங்கத்துக்காரர் வருகிறார். சங்கம் நடத்தும் கண்காட்சியில், யாரும் புதுப்பிக்காத, கை படாத வண்டிகளுக்கென்று ஒரு தனி வரிசை. அதில் ஓர் இடம்தான் பாக்கி.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

கொட்டகையில் அவள் ஈரத்துணியோடு நின்றாள். "புறாங்க. கதவு மேல உக்காந்து வழியவிட்டுட்டுப் போயிருக்கு. நாளைக்கு ஆள் வராங்களேன்னு எச்சத்தை மட்டும் துடைச்சேன்."

"எதால?"

"தண்ணியாலதான். கொஞ்சம் சோப்பு."

கதவுப் பிடிக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குப் பழுப்பு இல்லை. மோதிரக் கீறல்களில் பாதி இல்லை. அங்கே நீலம் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடை மாதிரி, கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொல்லும் நீலம்.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

அவர் துணியை வாங்கி முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்தது. "பழைய வார்னிஷா இருக்கும். வருஷம் ஆக ஆக வார்னிஷ் பழுத்துடும்."

"அடுப்புப் புகைங்க. புகை, எண்ணெய், மாவு. நம்ம சமையலறை ஃபேன்லயும் இதே கலர்தான். மாசாமாசம் நான்தான துடைக்கிறேன்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துடைக்கிறவளுக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தி, கேலியா அக்கறையா என்று பிரிக்க முடியாத குரலில் கேட்டாள்: "அப்ப இத்தனை வருஷமா என்கிட்டேருந்து நீங்க காப்பாத்தினது பேக்கரிக்காரர் அடுப்புக் கரியையா?"

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வார்னிஷ் என்றால் வண்டியின் உடம்பு போய்விட்டது. கரி என்றால் வெறும் அழுக்குதான் போயிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அந்தக் கரியும் யாரும் பூசாமல் தானாக வந்ததுதானே? மோதிரக்காரர் கீறியது எதை? வண்டியையா, அதன்மேல் படிந்த புகையையா? அப்படியானால் அது மோதிரம்தானா, பேக்கரியில் ரொட்டித் தட்டு ஏதாவது உரசியதா?

மத்தியானம் அவர் சாப்பிட்டதாகவே தெரியவில்லை. பிறகு அவள் பார்த்தபோது, கதவெதிரே முக்காலியில் சாயக் கிண்ணமும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார். பல் நிறம் ஒப்பிடும் பட்டையைக்கூட ஏதோ ஞாபகத்தில் எடுத்து வந்திருந்தார்.

"என்னங்க, இதுக்கும் பல்செட்டா?"

"திட்டு தெரியாத அளவுக்கு மட்டும்."

முதலில் அந்தக் கை அகலம். காய்ந்ததும் ஓரம் தெரிந்தது. ஓரத்தைக் கலைக்கக் கொஞ்சம் வெளியே போனார், அதைக் கலைக்க இன்னும் கொஞ்சம். பிறகு மெழுகு செதுக்கும் கத்தியால் போன கீறல்களை மறுபடி போட்டார். புதுக்கீறல் பழையதோடு சேரவில்லை என்று பழையதன்மேலும் லேசாக ஓட்டினார். சாயங்காலம் எழுந்து தள்ளி நின்று பார்த்தபோது எங்கே ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. முக்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் சங்கத்துக்காரர் வந்தார். குனிந்தார், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார், இருக்கையில் பிதுங்கிய குதிரைமுடியை ஆசையாகத் தொட்டார். கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். ஒரு கீறலின்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார்.

"இதைப் பாருங்க சார். எவன் உக்காந்து பண்ணினாலும் இப்படி வராது. இதுக்குத்தான் நான் ஊர் ஊரா சுத்தறேன்." டீ கொண்டுவந்த அவளிடமும் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் பெரிய ரசிகர்மா."

"ஆமாங்க" என்றாள் அவள். டீத்தட்டை நீட்டினாள்.

கிளம்பும்போது சங்கத்துக்காரர் சொன்னார்: "எனக்குத் திருப்தி. இருந்தாலும் வழக்கமா கேக்கறது. உங்க கைக்கு வந்தப்புறம் யாரும் எதுவும் பண்ணலைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த இடம் உங்களுக்குத்தான். அவசரமில்ல, நாளைக்குக் காலையில போன் பண்ணுங்க."

வாசலில் அவர் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் இவர் கொட்டகைக்குத் திரும்பிக் கதவெதிரே குந்தினார். அந்த விரல் நின்ற இடத்தைத் தேடினார். இதுவா? இதற்கு அடுத்ததா? நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுரண்டக் கை வரவில்லை. அது பழையதாகவே இருந்துவிட்டால், அதுவும் சுரண்டலோடு போய்விடுமே?

அவள் காலித் தம்ளர்களை எடுக்க வந்தாள். நேற்று அந்த இடத்தைத் துடைத்த கை. எது எங்கே இருந்தது என்று தெரிந்த வேறு ஆள் உலகத்தில் இல்லை.

"ஏம்மா, அவர் விரல் வச்சாரே, அந்தக் கீறல்... அது முன்னாடியே இருந்ததா, நான் போட்டதா?"

அவள் கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தம்ளர்களைத் தட்டில் அடுக்கி, மூலையில் கிடந்த ஈரத்துணியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் காரைச் சுற்றி வளைந்து வெளியே போனாள்.