புயல் மழையில் ஏரியல் திருப்பியபோது

எண்பதுகளில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அன்று மாலை தமிழ்ப் படம். வானம் கறுத்து, காற்று சுழன்றடிக்க, திரையில் படம் ஆடியது. என் கணவர் வெளியே போய், ஏரியல் கட்டிய இரும்புக் குழாயைப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க!" என்று உள்ளிருந்து கத்தினேன். மின்னல் வெட்டியும் நான் நிறுத்தவில்லை.

படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா எழுந்து டிவியை அணைத்தார். "படம் போனா போவுதுலா, மொதல்ல அவர உள்ள கூப்புடு!"

நான் அக்காவிடம் போட்ட சண்டை கேட்டு, என்னவென்று பார்க்கக் கணவர் உள்ளே வந்தார். வாசற்படி ஏறியதும் இடி இறங்கியது. குழாயின் நுனி கருகி, ஏரியல் தரையில் கிடந்தது.

இன்றும் வானம் இருட்டினால் என்னால் உட்கார முடிவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அன்று "திருப்புங்க" என்று கத்திய அதே குரல்தான், "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கத்துகிறது.