என் தட்டில் ஒரு கொடி

கப்பலில் எனக்கு வரும் தட்டில் மட்டும் ஒரு கொடி நட்டிருக்கும். பல்குத்தும் குச்சி அளவு கம்பம், அதில் தபால்தலை அளவு பச்சைத் தாள், தாளில் 'ஜி.எஃப்.' என்று இரண்டே எழுத்து. குளூட்டன் ஃப்ரீ. கோதுமை இல்லாதது, பார்லி இல்லாதது, அவற்றின் நிழல்கூடப் படாதது என்று பொருள். மேசையில் மற்றவர்களுக்குச் சாப்பாடு வரும். எனக்கு ஒரு நாடே வரும். உருளைக்கிழங்கு மசியலின் உச்சியில் கொடி அசைய, பரிமாறுகிறவர் ரமோன் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வருவார். நான் பிறந்தது ஒரு கொடியின் கீழ், வரி கட்டுவது இன்னொரு கொடியின் கீழ். மூன்றாவதாக இந்தக் கொடிக்கும் விசுவாசமாக இருக்கும்படி, ஐம்பதை நெருங்கும் வயதில், என் சிறுகுடல் உத்தரவு போட்டுவிட்டது. மூன்றில் இந்த நாட்டில்தான் சட்டம் கடுமை. கருணை மனு கிடையாது. தண்டனை கழிப்பறையில் நிறைவேற்றப்படும்.

வியாதியின் பெயர் சீலியாக். வான்கூவரில் டாக்டர் அதைச் சொன்னபோது ஏதோ குளிர்நாட்டுப் பூவின் பெயர் போல் இருந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிரி என்று நினைத்துக் கிளம்பித் தன் குடலையே அடித்து நொறுக்குமாம். எதிரியை விட்டுவிட்டுச் சொந்த ஆளை அடிக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு என்பதால் எனக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கோதுமையை விலக்கவேண்டும், ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். லைன் சரியில்லை. 'சீலியாக்' என்றது அவள் காதில் 'சீரியஸ்' என்று விழுந்தது. நம் பக்கத்தில் சீரியஸ் என்றால் ஒரே பொருள்தான்: டாக்டர் கையை விரித்துவிட்டார், வேனுக்குச் சொல்லலாம். இரண்டு நாள் கழித்துக் கிளியனூர் மாமா கூப்பிட்டார்.

"எப்பப்பா எடுக்கறாங்க?" என்றார் உடைந்த குரலில்.

என் குடலிலிருந்து சோதனைக்குத் துண்டு எடுப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "எடுத்தாச்சு மாமா. போன வாரமே எடுத்துட்டாங்க."

"அடக் கடவுளே! எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கடேசியா மொகத்தக்கூடப் பாக்கலியே…"

"சின்னத் துண்டுதான் மாமா எடுத்தாங்க."

மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு, "நீ யாருப்பா பேசறது?"

"நான்தான் மாமா."

"நீயேவா?"

அந்த 'நீயேவா'வில் நிம்மதியோடு இலேசான ஏமாற்றமும் கலந்திருந்தது. பாவம், வெள்ளைச் சட்டை மாட்டிக்கினு திண்டிவனம் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றிருந்தாராம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது செத்துப் பிழைத்தவனைப் பார்க்க வருவதுபோல் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு என் வியாதியைப் புரியவைக்க முடியவில்லை. தவறு அவர்களுடையதல்ல. நம் ஊரில் கோதுமை என்பது நோயாளியின் உணவு. சர்க்கரை வந்தால் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி; காய்ச்சல் வந்தால் பிரெட்; பத்தியம் முடிந்தவனுக்குக் கோதுமை ரவைக் கஞ்சி. கோதுமையால் வியாதி என்பது, மாத்திரையால் தலைவலி வருகிறது என்பது போல. "சக்கரக்காரனுக்கே கோதும குடுக்கறாங்க, உனக்கு மட்டும் இன்னாடா வந்துது? கனடாக்காரன் சொன்னா எல்லாம் சரியா?" என்றாள் அக்கா. ஆனாலும் பாசக்காரி. எனக்காகப் புதுத் தோசைக்கல் வாங்கினாள். சப்பாத்தி சுட்ட கரண்டியைப் பரண்மேல் போட்டாள். இட்லி, கேப்பைக் களி, மல்லாட்டைச் சட்னி என்று கோதுமை எட்டிப்பார்க்காத சமையல். அப்படியும் நான் படுத்துவிட்டேன். அக்கா அழுதாள். எதனால் என்று யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் என் மனைவி செல்விதான் அஞ்சறைப் பெட்டி தொடங்கிச் சமையலறையிலிருந்த ஒவ்வொரு டப்பாவையும் கையிலெடுத்து, பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே போனாள். குற்றவாளி ரசத்தில் இருந்தது. பெருங்காயம். பிசினை அப்படியே விற்க முடியாது என்று மாவு கலந்து கட்டியாக்குகிறார்கள். மாவு என்றால் கோதுமை மாவு.

"பெருங்காயத்துல எதுக்குடா கோதும? ரசமா வெக்கறோம், சப்பாத்தியா சுடறோம்?" என்று அக்கா அந்த டப்பாவைப் பார்த்துக் கேட்டாள். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். புளியங்காட்டில் பிறந்தவன் அன்று முதல் ரசத்துக்கு அன்னியனானேன். குடியுரிமையை மாற்றிக்கொண்ட நாளில்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை.

செல்வி விழுப்புரம் ஜங்ஷன்காரி. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எல்லா ரயிலும் நின்று போகும் ஊர்க்காரர்களுக்கு, சில ரயில்கள் நிற்காமல் போகும் ஊர்க்காரர்கள்மீது ஒரு கனிவு உண்டு. அந்தக் கனிவில்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்பது என் கணிப்பு. விழுப்புரத்து மே மாதத்தில் அவள் அறிந்த ஒரே பனி, பிளாட்பாரத்து மீன்கூடைகளிலிருந்து சொட்டிய பனிக்கட்டி. வான்கூவரில் எப்போதாவது தூறும் பஞ்சுப் பனியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை; யாரும் தயாரிக்காத பனிக்கட்டியை ஒருநாள் கையால் தொடவேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் அலாஸ்கா பனியாறு ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் தினமும் எனக்காகத் தனியாக மாவரைத்தாள். முன்பு ஒருமுறை மலைப்பிரதேசத்துக்குப் போனபோது, சோயா சாஸிலும் கோதுமை உண்டு என்பதை நான் செயல்முறையில் கற்றுக்கொண்டதால், அவள் பார்த்த மலையெல்லாம் விடுதி ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். ஆகவே இந்த அலாஸ்காக் கப்பல் பயணத்தில் ஒரு நாள் அவளுடைய நாள் என்று முடிவாகியிருந்தது: சின்னப் படகில் இறங்கிப் பனியாற்றின் அருகே போகும் நாள். அரை நாள் பயணம். படகில் கழிப்பறை கிடையாது. ஆக, அலாஸ்காவின் அழகு முழுவதும் என் வயிற்றை நம்பி இருந்தது.

முதல் நாளே ரமோன் குறிப்பெடுக்க வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், பணிவின் உருவம். "சீலியாக்கா, விருப்பமா?" என்று கேட்டார். விருப்பத்தின் பேரில் இந்தக் கொடியின் கீழ் குடியேறுகிறவர்களும் இருக்கிறார்களாம். எங்கள் மேசையிலேயே ஓர் அம்மையார் குளூட்டனை விட்டதிலிருந்து மனம் இலேசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கேக்கின் இரண்டாவது துண்டை வெட்டினார். "விருப்பமில்லை, விதி" என்றேன். ரமோன் 'விதி' என்று எழுதிக்கொண்டாரா தெரியாது. பீநட்டும் ஆகாதா என்று அடுத்துக் கேட்டார்.

நான் செல்வி பக்கம் திரும்பி, "மல்லாட்டையும் ஆவாதான்னு கேக்கறான், இருக்கறதையும் புடுங்கிடுவான் போலருக்குது" என்றேன்.

அருகே குழம்பு வகைகள் பரப்பிய மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "யாருங்க அங்க மல்லாட்டன்னு சொன்னது?"

உயரமான வெள்ளைத் தொப்பிக்குக் கீழே ஒரு நரைத்த தாடி. "வேர்க்கடலன்னு சொன்னா மெட்ராசு. நெலக்கடலன்னா அப்பால எந்த ஊரோ. மல்லாட்டன்னா நம்ம பக்கம்தாங்க. எந்த ஊரு?"

"திண்டிவனம்" என்றேன். "விழுப்புரம்" என்றாள் செல்வி, ஜங்ஷன் தோரணையோடு.

"நான் கோட்டக்குப்பம். ஜமால். அப்ப ஜில்லாவே கப்பல்ல ஏறிக்கினு வந்துட்டுதுன்னு சொல்லுங்க!"

துபாயில் ஓட்டல், பிறகு கப்பல் என்று கால்நூற்றாண்டாகக் குழம்பு கிண்டுகிறவர். அன்றிலிருந்து நான் அண்ணன், செல்வி அண்ணி, அவர் எங்களுக்குப் பாய். என் கொடியைப் பார்த்து, "இதென்னண்ணே, எலக்சன்ல நிக்கறீங்களா?" என்றார். சீலியாக்கை விளக்கினேன். "கோதும ஆவாது, அவ்ளதான? விடுங்க, நான் பாத்துக்கறேன். பச்சப் புள்ளயாட்டம் வெறும் கெழங்கத் தின்னுக்கினு கெடக்கறீங்களே" என்று சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பினார்.

பனியாற்றுக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது ரமோன் வெறும் சோறும் கொடியும் கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே ஜமால் பாய், மூடிய கிண்ணமும் கரண்டியுமாக. பெரிய செஃபிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாராம். மூடியைத் திறந்தார். ரசம். மேசையின் நடுவே திண்டிவனம் எழுந்து நின்றது. முதல் கரண்டி சோற்றில் விழுந்த பிறகுதான் என் மூக்கு மூளைக்குத் தந்தி அடித்தது.

"பாய்… பெருங்காயம் போட்டீங்களா?"

"கண்டுபுடிச்சிட்டீங்களே!" பாயின் முகம் விளக்குப்போட்டது போல் ஆனது. நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"வேணாம் பாய்" என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். "கூச்சப்படாதீங்கண்ணே!"

"போதும் பாய்." இன்னொரு கரண்டி.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நோ, தேங்க்யூ' என்று நான் நாளெல்லாம் சொல்கிறேன்; சொன்னால் நின்றுவிடுகிறார்கள். நம் பந்தியிலோ 'வேண்டாம்' என்றால் ஒரு கரண்டி, 'போதும்' என்றால் இரண்டு கரண்டி, இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் விரலிடுக்கில் ஊற்றுவார்கள். உண்மையிலேயே வேண்டாதவன் சொல்வதற்கு அங்கே தனியாக ஒரு சொல் இல்லை. அப்படி ஒருவன் பந்தியில் வந்து உட்காருவான் என்று யாரும் எதிர்பார்த்ததே இல்லை. ரமோனிடம் என்றால் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இவர் மல்லாட்டை என்ற ஒரு சொல்லுக்காக ரசம் வைத்தவர். அறையில் செல்வியின் சிவப்பு ஜாக்கெட் நாளைய படகுக்காகக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தும், வெட்கங்கெட்ட என் கை சோற்றைப் பிசையத் தட்டை நோக்கிப் போனது.

தட்டு அங்கே இல்லை. செல்வி அதைத் தன் பக்கம் இழுத்திருந்தாள்.

"பாய், இவரு சொல்லமாட்டாரு, நான் சொல்றேன். பெருங்காயத்துல கோதும மாவு கலக்கறாங்க. இதத் தின்னா நாளைக்கி இவரு கக்கூசுல, நான் ஜன்னல்ல."

"பெருங்காயத்துலயா? இன்னா அண்ணி சொல்றீங்க!" பாய் உள்ளே ஓடி டப்பாவோடு வந்தார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். "கோ…தும… மாவு. அட பேஜாரே!" டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அப்புறம் தாடிக்குள் ஒரு சிரிப்பு புறப்பட்டது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க வூட்டு ரசத்துல பெருங்காயமே கெடையாது. வெறும் பூண்டு, மெளகு. நீங்க பெருங்காயம் இல்லாத ரசத்த, இதென்னா ரசம்னு சொல்லிடுவீங்களோன்னு, சைவ சமையக்காரன் கால்ல வுழுந்து டப்பாவ வாங்கியாந்து போட்டேன். மரியாதைக்கிப் போட்டதுண்ணே!"

"மரியாதயக் கொறைச்சிக்கோங்க பாய்" என்றாள் செல்வி, என் சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஆனா ரசம் அருமையா இருக்குது." எனக்கு வழக்கமான கிழங்கு வந்தது. அவள் கிண்ணத்தையும் கவிழ்த்துக் குடித்ததை, தியாகம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டுப் பதிவு செய்கிறேன்.

மறுநாள் என் வயிறு வாய் திறக்கவில்லை. படகு மிதக்கும் பனித்துண்டுகளுக்கிடையே போனது. எதிரே, யாரும் தயாரிக்காத பனி, வானம் உடைந்து விழுந்தது போல் நீலமாக நின்றது. படகோட்டி கொக்கியால் ஒரு துண்டை இழுத்துச் செல்வியின் கையில் வைத்தார். அவள் அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். "மீன் வாசன இல்ல" என்றாள், அவ்வளவுதான். ஆனால் கை விறைத்தும் அதைக் கீழே வைக்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பி நடுங்கிக்கொண்டு மேல்தளத்தில் ஏறினால், எல்லோருக்கும் சுடச்சுடப் பட்டாணி சூப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் மாவு உண்டு. நான் பழக்கப்பட்ட துறவி முகத்தோடு ஒதுங்கி நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜமால் பாய் வந்தார். கையில் கோப்பை, ஆவி பறக்க.

"எங்க வூட்டு ரசம். மரியாத சுத்தமா கெடையாது" என்றார்.

கப்பல் விதிப்படி அதிலும் கொடி இருந்தது. ஆனால் ரசத்தில் எங்கே நடுவது? கம்பம் சாய்ந்து, கொடி மிளகுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே மிதந்தது. ஒரு வாய் வைத்தேன், உதட்டைச் சுட்டது. "இருங்க, ஆறட்டும்" என்று செல்வி தன் கையிலிருந்த அலாஸ்காவில் ஒரு சில்லை உடைத்து உள்ளே போட்டாள். அந்தப் பனிக்கு லேபிள் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. படித்துப் பார்க்க ஒன்றுமில்லை என்ற சுகத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். புளித்தண்ணீரில் பனி மெல்லக் கரைய, அதைச் சுற்றிக்கொண்டு என் கொடி ஒருமுறை பனியாற்றின் பக்கம், ஒருமுறை பாயின் பக்கம் எனத் திரும்பித் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ரசம் ஆறிவிடும். குடித்துவிட்டேன்.