குளத்தை யார் பூட்டுவது?

போன வாரம் எங்கள் உக்கடம் குளம் காணாமல் போய்விட்டது.

நிஜக் குளம் இல்லை, பயப்படாதீர்கள். சரவணம்பட்டியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறோம். உக்கடத்தில் கிளம்பும் டவுன் பஸ்ஸை நேரத்துக்குள் கிணத்துக்கடவு சேர்க்க வேண்டும். குளம் பர்வீன் அக்காவின் வேலை. ரோடு செந்திலின் வேலை. இரண்டும் ஒரே மேப் ஃபைலில். கடைசியாக சேவ் செய்தவரின் வேலைதான் மிஞ்சும். செந்தில் சேவ் செய்தார்... குளம் போயிற்று.

வெள்ளிக்கிழமை, கேமை வெளியிட யோசிக்கும் கம்பெனிக்காரர் பார்க்க வருவதாக இருந்தது. குளமில்லாத உக்கடத்தைக் காட்டினால் யார் பணம் போடுவார்கள்?

திங்கள்கிழமை, எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு சர்வர் அமைத்தேன். பழைய கம்ப்யூட்டர், யூபிஎஸ், தினசரி பேக்கப் - பட்டியல் போட்டு டிக் அடித்தேன். இனி எந்த மாற்றமும் தொலையாது. முக்கியமாக, பூட்டு வசதி. மேப்பில் கை வைப்பவர் முதலில் தன் பேரில் பூட்ட வேண்டும். அவர் திறக்கும்வரை மற்றவர் பார்க்கலாம், தொட முடியாது.

புதன்கிழமை பார்த்தால், மேப்பை யாருமே பூட்டவில்லை. வேலை அப்படியே கிடந்தது.

செந்திலைக் கேட்டேன்.

"அக்கா குளத்த முடிக்கோணுமில்லீங்க? நாம்பாட்டுக்குப் பூட்டிப்போட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

பக்கத்து நாற்காலியிலேயே பர்வீன் அக்கா.

"தம்பி மொதல்ல முடிக்கட்டும் கண்ணு. எனக்கென்ன அவசரம்?"

"இல்லீங்கக்கா, நீங்க பாருங்க."

"நீ பாரு சாமி. நான் அப்பறம் பாத்துக்கறேன்."

திங்கள்கிழமையிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. சண்டை போடுகிறவர்களுக்காகச் செய்த பூட்டு - இவர்களை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

மேப்பை இரண்டு ஃபைல்களாகப் பிரித்தேன். குளம் அக்காவுக்கு, ரோடு செந்திலுக்கு. இருவரும் உடனே பூட்டினார்கள். இரண்டிலும் சேராமல் நடுவில் மேம்பாலம் மிஞ்சியது.

"அது அக்காவே பண்ணட்டுங்க."

"தம்பியே பண்ணட்டும்."

அதைத் தனி ஃபைலாக்கி என் பேரில் பூட்டி, நானே கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பஸ் பாலமேறி, குளத்தைப் பார்த்தபடி கிணத்துக்கடவு போய்ச் சேர்ந்தது. வந்தவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மேலே பேசலாம்" என்றார்.

பாலம் இன்னும் என் பேரில்தான் பூட்டியிருக்கிறது. திறக்கச் சொல்லிக் கேட்க இருவருக்குமே கூச்சமாம்.